பக்கத்து ஜாடி

காஞ்சனாவுக்குப் பொறாமை என்பது பசி மாதிரி. வேளாவேளைக்கு வந்துவிடும். வந்ததை மறைக்கவும் தெரியாது. மூக்கு நுனி சிவக்கும், பேச்சு ஒற்றை வார்த்தையாகச் சுருங்கும், கையில் இருப்பது எதுவானாலும் சத்தத்தோடு கீழே வைக்கப்படும். அவள் கணவன் ஹேமநாத் திருமலைக்கு வேன் ஓட்டுகிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாத்திரச் சத்தத்தை வைத்து, "இன்னிக்கு யாரு மேல?" என்று கேட்டுவிடுவான். சின்ன வயதில் அது பெரியப்பா மகளின் கொலுசு மேல் இருந்தது. கல்யாணமான புதிதில் ஓரகத்தியின் நீளமான பின்னல் மேல் இருந்தது. நாற்பதை எட்டிப் பிடிக்கிற இந்த வயதில், ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணீரின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

சிரிக்கலாம்தான். ஆனால் சிரிக்கிறவர்கள் அந்த ஜாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

திருப்பதியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை. மாடிப்படிக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. காஞ்சனா அங்கே லேப் டெக்னீஷியன். ஏரியிலும் ஆற்றிலும் கலந்துவிட்ட உலோகம் உயிர்களுக்கு எவ்வளவு கெடுதல் என்று பார்ப்பதுதான் அந்த அறையின் வேலை. தண்ணீரில் இத்தனை செம்பு இருக்கிறது, இத்தனை துத்தநாகம் இருக்கிறது என்று எந்திரம் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண் ஓர் உயிரை என்ன பாடு படுத்தும் என்று எந்திரத்துக்குத் தெரியாது. அதைச் சொல்ல டாப்னியா வேண்டும். டாப்னியா கடுகளவு தண்ணீர்ப் பூச்சி. உடம்பு முழுக்கக் கண்ணாடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். நீந்துகிறது என்று சொல்வதைவிடத் தண்ணீருக்குள் தத்தித் தத்திக் குதிக்கிறது என்று சொல்லலாம். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளைச் சந்தேகப்படும் தண்ணீரில் விட வேண்டும். பக்கத்திலேயே நல்ல தண்ணீரிலும் கொஞ்சம் விட வேண்டும். இரண்டு நாள் கழித்து எது குதிக்கிறது, எது அடியில் கிடக்கிறது என்று எண்ண வேண்டும். நல்ல தண்ணீரில் விட்டதே செத்துப்போனால் மொத்தச் சோதனையும் குப்பைக்குப் போகும்.

ஆகவே அந்த அறையில் மரியாதை என்பது பூச்சியை நன்றாக வளர்க்கிறவர்களுக்குத்தான். குழாய்த் தண்ணீரைக் காற்று ஊதிப் பல நாள் ஆறவிட்டு, பச்சைப் பாசியும் ஈஸ்ட்டும் அளவாகக் கொடுத்து, செத்ததை எடுத்து, குஞ்சைப் பிரித்து, பச்சைக் குழந்தை வளர்க்கிற பாடு. ஒன்பது வருஷம் காஞ்சனா மட்டும்தான் அதைச் செய்தாள். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்து பி.எஸ்.சி. முடித்தவள், தன் கையால் ஒரு சோதனை நடக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்ச நஞ்ச பெருமை இல்லை. ஊருக்குப் போனால் அண்ணன் கோவர்த்தனனிடம் இதைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டாள்.

அப்புறம் சிவசங்கரி வந்தாள்.

சித்தூர்ப் பெண். வயது இருபத்தேழு. அவள் அம்மா காணிப்பாக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறாள். வேலை கூடிவிட்டது என்று துறைத் தலைவர் ரங்கையா சார்தான் அவளைச் சேர்த்தார். காஞ்சனாவிடமே வேலை கற்றுக்கொள்ளச் சொன்னார். காஞ்சனாவும் சொல்லிக் கொடுத்தாள், பாதியை. மீதிப் பாதியைச் சிவசங்கரி தானாகக் கண்டுபிடித்துக்கொண்டாள், அதுதான் முதல் எரிச்சல். மூன்றே மாதத்தில் அவள் ஜாடிகள் குலுங்கின. வெளிச்சத்தில் பிடித்தால் தண்ணீர் தெரியாது, பூச்சிதான் தெரியும். காஞ்சனாவின் ஜாடிகளோ இளைத்துக்கொண்டே போயின.

இளைத்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும், காஞ்சனாவைத் தவிர. பக்கத்து ஜாடியைப் பார்த்துவிட்டு வந்தால் தன் ஜாடிக்கு இன்னும் ஒரு சொட்டு ஈஸ்ட் விடுவாள். மறுபடி பார்ப்பாள், மறுபடி ஒரு சொட்டு. தண்ணீர் கலங்கி, பூச்சிகளுக்கு மூச்சு முட்டும்.

"உன் கை ராசியான கைம்மா," என்றார் ரங்கையா சார் ஒருநாள், சிவசங்கரியின் ஜாடியைத் தூக்கிப் பிடித்து. "சால பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு. காஞ்சனா, நீயும் வந்து பாரு."

காஞ்சனா வந்து பார்த்தாள். "ம்," என்றாள். கையிலிருந்த பீக்கரை மேசையில் வைத்தாள். அது உடையாதது அதன் அதிர்ஷ்டம்.

"எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான் சார்," என்றாள் சிவசங்கரி.

அதுவும் பிடிக்கவில்லை. திமிராகப் பேசியிருந்தால் சண்டையாவது போடலாம். இவள் சண்டைக்கு ஒரு நூல் நுனியைக்கூடக் கொடுக்காதவள். டிபன் டப்பாவில் எது கொண்டு வந்தாலும் முதல் பங்கு அக்காவுக்கு. அவள் கொடுக்கும் புளியோதரை நன்றாக வேறு இருக்கும். தின்னவும் முடியாமல் துப்பவும் முடியாமல் காஞ்சனா பட்ட அவஸ்தை அவளுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஊர் ஏரி விவகாரம் வந்தது.

காஞ்சனாவின் பிறந்த ஊரில் ஏரிக்கு வரும் கால்வாய் ஓரமாக ஒரு பட்டறை வந்திருந்தது. செம்பு, பித்தளைச் சாமான்களை அமிலத்தில் முக்கிப் பளபளப்பாக்கி அனுப்பும் பட்டறை. போன கோடையில் கெண்டை மீன்கள் மல்லாந்து மிதந்தன. இரண்டு கன்றுக்குட்டிகள் வயிறு உப்பிச் செத்தன. பட்டறைக்காரன் வெயில்தான் காரணம் என்றான். ஊர் பயந்துபோய் மாட்டை ஏரிக்கு விடாமல், பிள்ளைகளை இறங்க விடாமல், போர்வெல்லில் கிடைக்கிற கொஞ்சத்தை வைத்துக் காலம் தள்ளியது. காஞ்சனா அண்ணனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

"ரெண்டு கேன் தண்ணி மொண்டு அனுப்புண்ணா. என் கையால பாத்துச் சொல்றேன். ஏரி நல்லதா கெட்டதான்னு எங்க பூச்சி சொல்லிடும்."

கேன்கள் பஸ்ஸில் வந்தன. ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்து உலோக அளவு பார்க்கும் பெரிய லேபுக்கு அனுப்பினார் சார். அங்கிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும். பூச்சிச் சோதனையை உடனே தொடங்கலாம். அன்று காலையில் சார் இரண்டு பேர் ஜாடிகளையும் பார்த்தார். காஞ்சனாவின் ஜாடி ஒன்றில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. சிவசங்கரியின் ஜாடிகள் வழக்கம்போல் குலுங்கிக்கொண்டிருந்தன.

"ஊர் விஷயம், ரிஸ்க் எடுக்கக் கூடாதும்மா," என்றார். "சிவசங்கரி குஞ்சுகளையே எடுத்துக்கலாம்."

என் ஊர், என் ஏரி, நான் கேட்டு வாங்கிய தண்ணீர் என்று காஞ்சனாவின் உள்ளே ஒன்று கத்தியது. பீக்கர்களில் ஏரித் தண்ணீரை அளந்து ஊற்றியது மட்டும் அவள். குஞ்சுகளை விட்டதும், எண்ணியதும் சிவசங்கரி.

இரண்டு நாள் கழித்து எல்லாம் குதித்துக்கொண்டிருந்தன. ஏரித் தண்ணீரிலும் குதித்தன, நல்ல தண்ணீரிலும் குதித்தன. ஏரியில் விஷமில்லை. மாட்டை விடலாம், பிள்ளைகள் இறங்கலாம், வரப்போகிற ஆடி வெள்ளிக்குக் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்ற ஏரித் தண்ணீரையே எடுக்கலாம். கோவர்த்தனன் போனிலேயே குதித்தான்.

"ஊரே சந்தோசமா கீதும்மா. வெள்ளிக்கிழம மொத மொதல்ல மாட்ட எறக்கப்போறோம். அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்ன, சிவசங்கரியா? அதுக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுக்கணும்னு பேசிக்கினு இருக்காங்க."

"எனக்கு?" என்று காஞ்சனா கேட்கவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு வெகு நேரம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்த ஊர், தூக்கி வளர்த்த அண்ணன், புடவை மட்டும் சித்தூர்க்காரிக்கு. அன்று ராத்திரி ஹேமநாத் யார் மேல் என்று கேட்கக்கூடப் பயந்து வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

அவளுக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது அத்தனை ராசி? ஏதோ செய்கிறாள். என்னிடம் சொல்லாமல் ஏதோ ஒன்றைச் செய்கிறாள்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போய், அறைக்கு வெளியே ஜன்னல் ஓரமாக நின்றாள். சிவசங்கரி வந்தாள். கை கழுவினாள். கைப்பையிலிருந்து சின்னதாக ஒரு செம்புப் பஞ்சபாத்திரத்தை எடுத்தாள், வீட்டுப் பூஜையில் தீர்த்தம் வைப்போமே, அது. உள்ளே தண்ணீர், மேலே இரண்டு துளசி இலை. உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு வாய் விட்டாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பாத்திரத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி லேபின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

இதுதானா சங்கதி! பூச்சிக்கே தீர்த்தம் கொடுத்துக் காரியத்தைச் சாதித்துக்கொண்டிருக்கிறாள், கள்ளி. ஜாடித் தண்ணீரில் வேறெதையும் கலக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். ஓடிப்போய் சாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவே இல்லை. தோன்றியது ஒன்றுதான். அவள் ஒரு கரண்டி விட்டால் நான் ஒரு சொம்பு விட மாட்டேனா?

அன்று சாயங்காலம் வீட்டில் சாமி அலமாரியிலிருந்த செப்புச் சொம்பை எடுத்தாள். சாமி காரியம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புதுசாக்கினாள். கழுத்து வரை தண்ணீர் நிறைத்து, துளசியைப் போட்டு, விளக்குக்கு முன்னால் விடிய விடிய வைத்தாள். சிவசங்கரியின் காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்குப் போட்டியாக மலை மேலிருக்கும் பெருமாளையே வேண்டிக்கொண்டாள். காலையில் லேபுக்குக் கொண்டுபோய் அதைத் தாராளமாகத் தன் ஜாடிகளில் ஊற்றினாள். மூன்று ஜாடியில் இரண்டுக்குத்தான் வந்தது. மூன்றாவதுக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அந்த இரண்டு ஜாடியிலும் ஒன்றுகூடக் குதிக்கவில்லை. அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தன.

காஞ்சனா முதலில் நினைத்தது, சிவசங்கரி கண்ணு வைத்துவிட்டாள் என்று. அடுத்து, அவள் முணுமுணுத்த மந்திரம் வேறு ஏதோ என்று. எங்கே சுற்றினாலும் புத்தி சிவசங்கரியிடமே போய் முட்டிக்கொண்டு நின்றது. செத்ததைக் கழுவி ஊற்றும்போதுதான் காலிச் சொம்பு கண்ணில் பட்டது. செம்பு. ஒன்பது வருஷமாகக் கையால் கரைத்துக் கரைத்துச் சோதித்த செம்பு. எள் முனை அளவு கரைந்தாலே டாப்னியா அடியில் போய் விழும் என்று வருகிற மாணவர்களுக்கெல்லாம் இவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சாமி அலமாரியில் இருக்கும்போது அது சொம்பு. லேபில் இருக்கும்போதுதான் அது செம்பு. இரண்டும் ஒன்றென்று சிவசங்கரிக்கும் தோன்றவில்லை, காஞ்சனாவுக்கும் தோன்றவில்லை, இந்தப் பக்கத்தில் யாருக்குமே தோன்றியிருக்காது.

அப்படியானால் அவளுடையது ஏன் சாகவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது அறிவு என்று சொன்னால் அது பொய். பொறாமைதான் கேட்டது. என்னுடையது செத்து அவளுடையது பிழைப்பதா என்கிற வயிற்றெரிச்சல். சிவசங்கரி சாப்பிடப் போன சமயம் பார்த்து, அவள் ஜாடியிலிருந்து கொஞ்சம் குஞ்சுகளைப் பிப்பெட்டில் உறிஞ்சினாள். ஊற்றாமல் விட்ட தன் மூன்றாவது ஜாடியிலிருந்து கொஞ்சம். செப்புச் சொம்பில் மறுபடி தண்ணீர் வைத்து, அதில் துளியளவை நல்ல தண்ணீரில் கலந்து, இரண்டு பீக்கரிலும் ஒரே அளவு ஊற்றினாள். சாயங்காலம் போய்ப் பார்த்தாள். தன் குஞ்சுகள் அடியில் கிடந்தன. சிவசங்கரியின் குஞ்சுகள் தத்தித் தத்திக் குதித்துக்கொண்டிருந்தன.

தினமும் ஒரு உத்தரணி. மாதக்கணக்கில் ஒரு உத்தரணி. நோஞ்சானெல்லாம் எப்போதோ செத்து ஒழிந்து, செம்பைக் குடித்துப் பழகிய கெட்டி உயிர்கள் மட்டும் அந்த ஜாடியில் பெருகியிருக்கின்றன. எந்தச் செம்புத் தண்ணீரில் விட்டாலும் அவை குதிக்கும். ஊர் ஏரியில் விட்டபோதும் குதித்தன.

ஒரு நிமிஷம் காஞ்சனாவுக்கு வந்தது வெறும் சந்தோஷம். மாட்டிக்கொண்டாள், ராசியான கைக்காரி மாட்டிக்கொண்டாள். சாருக்கு முன்னால் அந்தப் பஞ்சபாத்திரத்தை எடுத்து வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து வாய்விட்டே சிரித்தாள். அப்புறம்தான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. மாடுகள் இறங்கப்போகிற ஏரி. கூழுக்கு மொண்டு வரப்போகிற தண்ணீர். கோவர்த்தனனின் பிள்ளைகள் இரண்டும் கரையிலிருந்து குதிக்கப் பழகியவர்கள்.

சிவசங்கரி கதவைப் பூட்டச் சாவியோடு வந்தாள்.

"சங்கரி, உன் பையில இருக்கறத எடு," என்றாள் காஞ்சனா. "பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன். தீர்த்தம் வுட்றியா நீ, ஜாடிக்கு?"

எவ்வளவு விஷத்தைச் சேர்க்க முடியுமோ அவ்வளவும் சேர்த்துத்தான் சொன்னாள். இரண்டு பீக்கரையும் காட்டினாள். இது என்னது, இது உன்னது, உன்னது குதிக்கிறது ஏன் தெரியுமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இல்லை என்று சாதிப்பாள், அழுவாள், நான் எதிர்த்துக் கத்தலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தாள்.

சிவசங்கரி பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி தண்ணிதானேக்கா," என்றாள். "வந்த புதுசுல ரொம்ப செத்துக்கினே இருந்துச்சு. அம்மாதான், ஒரு வாய் தீர்த்தம் வுடு, நிக்கும்னு சொன்னாங்க. செம்புன்னு நெனப்பே வரல." அப்புறம் கேட்டாள், "உங்களுக்கு எப்பிடிக்கா தெரிஞ்சுது?"

கழுவிக் கவிழ்த்த காஞ்சனாவின் இரண்டு ஜாடிகளும் மேசையில் இருந்தன. பக்கத்தில் சொம்பும் இருந்தது. சிவசங்கரி அவற்றைப் பார்த்தாள், காஞ்சனாவைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். ஒரு சின்னச் சிரிப்பாவது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"சாருக்குச் சொல்லணும்க்கா. நாளைக்கு சித்தூர்ல ஆபீசருங்க மீட்டிங்ல இந்த ரிசல்ட்டதான் குடுக்கப்போறாரு."

சாரின் போன் அணைந்து கிடந்தது. விடிந்ததும் இருவரும் சித்தூர் பஸ் ஏறினார்கள். காஞ்சனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் நடுவில் தன் சொம்பு வந்து நின்றது. அவள் திருட்டுத்தனமாகச் செய்தாள் என்றால், நீ என்னம்மா செய்தாய் என்று சார் கேட்பார். அவளைப் பார்த்துக் காப்பி அடித்தேன் என்று சொல்வதைவிட வேலையை விட்டுவிடலாம்.

அந்தக் கஷ்டம் அவளுக்கு வரவில்லை. மீட்டிங் நடக்கும் கட்டடத்து வராந்தாவில் சார் எதிரே வந்ததும் சிவசங்கரி முந்திக்கொண்டாள். தீர்த்தம், உத்தரணி, மாதக்கணக்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். "என் தப்புதான் சார். அக்கா கண்டுபிடிக்கலைன்னா ஊரே கெட்டிருக்கும்." சொம்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரங்கையா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் தப்பும் உண்டும்மா. ரெண்டு பேர் ஜாடியிலயும் எடுத்துப் பாத்திருக்கணும். நிறைய இருக்கேன்னு ஒண்ணுலயே எடுத்துட்டேன்." ரிசல்ட் எழுதியிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பரவால்ல. செஞ்ச தப்ப இப்பிடி நேரா வந்து சொல்ற பிள்ளைங்கள நான் பாத்ததில்ல, சிவசங்கரி. சந்தோஷமா இருக்கு."

காஞ்சனா தன் காதையே நம்பவில்லை. தப்பு செய்தவளுக்குப் பாராட்டு. கண்டுபிடித்தவள் தூண் மாதிரி நிற்கிறாள். நன்றாக வளர்த்ததற்கும் பேர் அவளுக்கு, கெடுத்ததற்கும் பேர் அவளுக்கு. நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டுவிட்டாளே என்று வந்தது பாருங்கள் ஓர் ஆத்திரம், அதுவரை வந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கொலுசு கேட்டால் வாங்கலாம், பின்னலுக்குச் சவுரி வைக்கலாம். இதற்கு எந்தக் கடைக்குப் போவது?

"காஞ்சனா, உன் மூணாவது ஜாடி நல்லா இருக்கா?" என்றார் சார். "அதுல எடுத்து உன் கையால மறுபடி செய். ஏரித் தண்ணி ஒரு கேன் ஃபிரிட்ஜ்ல கிடக்கு. அது முடியற வரைக்கும் ஊருக்கு ஒண்ணும் சொல்லாத."

அன்று மதியமே திரும்பி வந்து செய்தாள். ஈஸ்ட் ஒரு சொட்டுக்கூட அதிகமில்லாமல், யாருடைய ஜாடியையும் பார்க்காமல், ஒரு தடவையாவது ஒழுங்காகச் செய்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏரித் தண்ணீரில் விட்டாள். சிவசங்கரி எட்டத்தில் நின்றாள். உதவிக்கு வரட்டுமா என்று கேட்கவும் இல்லை, போகவும் இல்லை.

இரண்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஏரித் தண்ணீர் பீக்கர்களில் அசைவு நின்றிருந்தது. நல்ல தண்ணீரில் விட்டவை எல்லாம் குதித்துக்கொண்டிருந்தன. சோதனையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. காஞ்சனாவின் பூச்சிகள் ஜெயித்துவிட்டன.

ஜெயித்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து பீக்கரை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். ஒன்றாவது அசையாதா என்று பார்த்தாள். லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். இதயம்கூட நின்றுபோயிருந்தது. பக்கத்து மேசையில் சிவசங்கரியின் ஜாடி வழக்கம்போல் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதே உண்மையாக இருந்திருக்கக் கூடாதா, இந்த ஒரு தடவை அவளே ஜெயித்திருக்கக் கூடாதா என்று காஞ்சனா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

நாளை வெள்ளிக்கிழமை. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, மாட்ட எறக்காதீங்க. கூழுக்கும் அந்தத் தண்ணி வாணாம். ஏரி கெட்டுப்போய்தான் கீது."

"இன்னாம்மா சொல்ற? நல்லதுன்னு சொன்னீங்களே."

"அது தப்பாயிடுச்சு. மறுபடி பாத்தோம். எல்லாம் செத்துப்போச்சு."

"யாரு பாத்தது?"

இந்தக் கேள்வியைத்தானே இத்தனை நாளும் ஊரில் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தாள்.

"நான்தாண்ணா. என் கையாலதான் செஞ்சேன்."

அந்தப் பக்கம் பந்தல் கட்டுகிற ஆட்கள் பேசிக்கொள்வது கேட்டது. கோவர்த்தனன் தொண்டையைக் கனைத்தான். அவன் குரலில் கோபமில்லை. தங்கச்சி மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்கிற கவலைதான் இருந்தது.

"அதில்லம்மா, தப்பா எடுத்துக்காத. ஒனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கை அவசரம். அந்தப் பொண்ணையே இன்னொரு தடவ பாக்கச் சொல்லேன். அது சொன்னா ஊரு கேக்கும். எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணிட்டு இப்பப் போயி நிறுத்துன்னா யாரு நிறுத்துவாங்க?"

காஞ்சனாவின் மூக்கு நுனி சிவந்தது. காது வரைக்கும் சிவந்தது. சிவசங்கரி செய்த தப்பில்தான் ஊர் மாட்டிக்கொண்டிருக்கிறது, தெரியுமா உங்களுக்கு, நான் இல்லை என்றால் நாளைக்கு உன் பிள்ளைகள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவன் கேட்பான். தங்கை சொல்கிறாளே என்று தலையாட்டிவிட்டு, ஊரார் சொன்னபடி மாட்டை இறக்குவான். அவனை அவளுக்குத் தெரியும்.

சிவசங்கரி வாசல் அருகே பாசி வடிகட்டிக்கொண்டிருந்தாள். காஞ்சனா எழுந்து போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனை அவள் முன்னால் நீட்டினாள்.

"எங்க அண்ணன். ஏரி கெட்டதுன்னு நீ சொல்லு. ஒன் பேரையும் சொல்லு."

சிவசங்கரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அண்ணா, சிவசங்கரி பேசறேன். நான் மொதல்ல பாத்தது தப்புண்ணா, என்னோட தப்பு. அக்கா பாத்ததுதான் சரி. ஏரியில யாரையும் எறக்காதீங்க."

கோவர்த்தனன் உடனே சரி என்றான். பந்தலுக்குப் போய் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றான். போனைத் திருப்பித் தரும்போது, "சரின்னுட்டாருக்கா," என்றாள் சிவசங்கரி. காஞ்சனா போனை வாங்கி மேசையில் டொக்கென்று வைத்தாள்.